அடைக்கோழிகளும் ஆட்டோ சுவிட்சும்

நவம்பர் 28, வியாழன்

சாம்பாரில் இன்றைக்கும் உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது. நான் போட்டேன். நான் மறந்திருப்பேன் என்று அவரும் போட்டிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் அர்ச்சுனன் பதினெட்டு வருடம் லாரி ஓட்டியவர். நாசிக், சூரத் என்று போனால் மாதத்தில் மூன்று நாள் வீட்டில் இருப்பார். வைகாசியில் இருந்து வண்டி ஏறவில்லை. மூன்று நாள் கணவராக இருந்தவர் முப்பது நாளும் கணவராக இருந்தால் என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. நான் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தால் பின்னாலேயே அவரும் போய்க் காட்டுகிறார். ஆடு வயிறு உப்பிப்போய் எங்கள் இருவரையும் சந்தேகமாகப் பார்க்கிறது.

முன்னறையில் குஞ்சு மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணாடிக் கதவு வைத்த பெட்டி. உள்ளே தட்டுத் தட்டாக நாட்டுக்கோழி முட்டை. கோழி செய்கிற வேலையைக் கரண்ட் செய்யும், மூன்று வாரத்தில் குஞ்சு. அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி பொரிய வேண்டும். அவர் அதன் முன்னால் நாற்காலி போட்டு, ஸ்டியரிங் பிடிக்கிறவர் மாதிரியே உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடிக்கு மேலே எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டியாகிவிட்டது. டயரைத் தட்டிப் பார்க்கிற பழக்கத்தில் முட்டையைத் தட்டிப் பார்த்து ஒன்றை உடைத்தும் விட்டார்.

நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் பிள்ளைகளுக்கு முட்டை அவிக்கிறேன். வீட்டுக்கு வந்து முட்டை அவிந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் ஈட்டில் பாதிகூடப் பொரியவில்லை. "இந்த ஈடும் கவுத்துச்சுன்னா பேசாம வண்டி ஏறிடுவேன்" என்று சொல்லியிருக்கிறார். லாரி முதலாளி தமிழ்ச்செல்வனும் வாரம் தவறாமல் போன் செய்கிறார்.

அவர் போகக் கூடாது. சாம்பார் கரித்தாலும் பரவாயில்லை, போகக் கூடாது. இதை அவரிடம் சொல்ல மாட்டேன். சொன்னா சிரிப்பாரு. இங்கே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 30, சனி

டிவியைத் திறந்தால் புயல். கரையைக் கடந்ததும் வலுவிழந்துவிடும் என்கிறார்கள். டீக்கடையில் வெங்கடாசலம் அண்ணன் இதைப் பற்றி ஒரு கூட்டமே நடத்தினாராம். ஊரிலேயே அதிக நிலமும் அதிக மோட்டாரும் அவருக்குத்தான், அதனால் கருத்தும் அதிகம். "கடலுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்? அரூர் வர்றதுக்குள்ள அதுக்கே மூச்சு வாங்கிடும்" என்றாராம். வீட்டுக்காரர் வந்து சொன்னார். இருவரும் சிரித்தோம்.

டிசம்பர் 1, ஞாயிறு

காலையில் பிடித்த மழை விடவில்லை.

சாயங்காலம் குடையோடு கிணற்று மேட்டுக்குப் போய் மோட்டாரின் ஆட்டோவை ஆஃப் செய்துவிட்டு வந்தேன். த்ரீ பேஸ் கரண்ட் எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் ஊரில் எல்லாரும் ஆட்டோ போட்டு வைத்திருப்பார்கள். கரண்ட் வந்த நொடியே மோட்டார் தானாக ஓடும். இந்த மழையில் ஓடி எந்த வயலுக்குப் பாய? அந்த சுவிட்சில் எழுத்தெல்லாம் அழிந்துபோய்விட்டது. எந்தப் பக்கம் ஆஃப் என்பது பழகிய கைக்குத்தான் தெரியும்.

நான் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது அவரும் கிணற்றுப் பக்கம் போய் நனைந்துவிட்டு வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

புயலுக்கு மூச்சு வாங்கவில்லை.

ஏரி உடைந்துவிட்டது. மரவள்ளிக் காடெல்லாம் படுத்துவிட்டது. புளியமரம் ஒன்று கம்பிமேல் சாய்ந்ததில் கரண்ட் கம்பங்கள் வரிசையாகக் கீழே கிடக்கின்றன. டிரான்ஸ்பார்மர் குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாக நிற்கிறது. அங்கன்வாடி ஷீட் பறந்துபோய்க் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. வெங்கடாசலம் அண்ணன் கார் ஷெட்டுக்குள் ஏரிக் கெண்டை துள்ளுகிறது. அதைப் பிடிக்க நாலு பேர் இறங்கினார்கள். அவர் உள்ளே நின்றுகொண்டு, "எம் மீனு, யாரும் கை வெக்காதீங்க" என்று கத்துகிறார். கடலுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று சொன்ன வாய்!

யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, அது போதும். என் போன் தண்ணீரில் விழுந்து செத்தது. இன்வெர்ட்டர் மதியம் வரை உழைத்துவிட்டு ஒரு முறை கூவி அடங்கியது. மிஷினுக்குள் விளக்கு அணைந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

ஈர விறகு. ஒரு குடம் வெந்நீர் வைப்பதற்குள் கண் இரண்டும் போய்விட்டன. பாட்டில் பாட்டிலாக ஊற்றி மிஷினுக்குள் அடுக்கி, அவருடைய லாரிக் கம்பளியால் போர்த்தியிருக்கிறோம். முட்டையை அடிக்கடி திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கரு ஒட்டிக்கொள்ளும். நான் பொறுப்பாகத் திருப்பி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவரும் பொறுப்பாகத் திருப்பி வைத்தார். அதாவது காலையில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்திருக்கிறது. பென்சில் குறி போட்டிருந்ததால் தெரிந்தது. கொஞ்ச நேரம் கத்திக்கொண்டோம்.

மறுபடி இடி. இடி இடித்தால் அடை முட்டை கூமுட்டையாகிவிடும் என்பார்கள். அதற்கு இரும்பு, கரித்துண்டு, காய்ந்த மிளகாய் மூன்றையும் பக்கத்தில் வைப்பது வழக்கம். அவர் இதையெல்லாம் கேலி செய்கிற ஆள். இன்றைக்கு அவரே ஒரு பிஸ்கட் டப்பாவில் மூன்றையும் போட்டு மிஷின்மேல் வைத்தார். இரும்புக்குப் பெரிய ஸ்பானர்! "இத யாரும் தொடக் கூடாது" என்று உத்தரவு வேறு. வீட்டில் இருப்பது இரண்டு பேர். யாரும் என்றால் நான்தான்.

அவர் போனும் அணைந்துவிட்டது. தமிழ்ச்செல்வன் கூப்பிட முடியாது என்று நினைத்ததும் வயிற்றில் ஒரு குளிர்ச்சி. கரண்ட் வந்தால் முட்டை பிழைக்கும், முட்டை பிழைத்தால் இவர் இருப்பார். கரண்ட் வந்தால் போனும் பிழைக்கும், போன் பிழைத்தால் இவரைக் கூப்பிடுவார்கள். நான் எந்தச் சாமியிடம் என்ன கேட்பது?

டிசம்பர் 4, புதன்

டார்ச் அடித்துப் பார்த்தோம். ஓட்டுக்குள் சிவப்பாக நரம்பு, நடுவில் ஒரு துடிப்பு. இன்னும் இருக்கிறது! ஆனால் மேல்தட்டு முட்டைகள் ஆறிக்கொண்டே வருகின்றன.

பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மா பெரியம்மா வந்து எட்டிப் பார்த்தார். "மிசினு படுத்துக்கிச்சுன்னா கோழிகிட்ட குடுக்க வேண்டியதுதானே. எங்க வூட்ல ஒண்ணு அடையில கெடக்குது" என்றார். உடனே காலில் விழாத குறையாகக் கேட்டேன். உடனே பேரமும் வந்தது. "வாரத்துக்குன்னா வெக்கிறேன். பாதிக் குஞ்சு எனக்கு, பாதி உனக்கு."

நான் சரி என்று சொல்லி முடிப்பதற்குள் செய்தி ஊர் சுற்றிவிட்டது. சாயங்காலம் வாசலில் பெண்கள் வரிசை, ஆளுக்கொரு கூடை. அடையில் கிடக்கிற கோழி யார் யார் வீட்டில் இருக்கிறது என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. கேட்டதும் சுரந்த மாதிரி வருகிறது. முக்கால்வாசி முட்டை போய்விட்டது. அவர் ஒவ்வொரு கூடையையும் லோடு அனுப்புகிற மாதிரி, "மெதுவா, பள்ளம் பாத்து" என்று தெருமுனை வரைக்கும் போய் விட்டுவிட்டு வந்தார்.

டிசம்பர் 5, வியாழன்

அடை முட்டையை ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும். இது எனக்கும் தெரியும், ஆனால் நேற்று அவசரத்தில் எண்ணாமல் கொடுத்துவிட்டேன்.

விடிந்ததும் எதிர்வீட்டு சசிகலா முந்தானையில் ஒரு முட்டையோடு வந்தாள். "அக்கா, எண்ணிப் பாத்தேன், ரெட்டையா வருது. இத வெச்சுக்குங்க." வாங்கினேன். அடுத்து மேலத்தெருவில் ஒரு வீட்டில் ரெட்டை, ஒன்று வேண்டும் என்று வந்தார்கள். கொடுத்தேன். மதியம் அது திரும்பி வந்தது. அவர்கள் வீட்டில் மாமியாரும் தனியாக எண்ணி ஏற்கெனவே ஒன்றை எடுத்துவிட்டாராம். (அந்த வீட்டிலும் எங்கள் கதைதான்.) சாயங்காலத்துக்குள் ஒரே முட்டை ஊரையே சுற்றி வந்துவிட்டது. கடைசியில் எந்தக் கோழிக்கும் வேண்டாததாக என்னிடம் நின்றது. மிஷினில் வைக்கலாம் என்றால் தட்டு ஆறிக் கிடக்கிறது. துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அது ஊர் பேசி அலுத்த விஷயம், நானும் அழுது அலுத்த விஷயம். அவர் என் மடியைப் பார்த்தார். ஒரு டம்ளர் சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

டிசம்பர் 6, வெள்ளி

லைன்மேன் மாதப்பன் அண்ணன் வெளியூர் ஆட்களோடு வந்து கம்பம் நட்டுவிட்டார். பாவம், எத்தனை நாளாகத் தூங்கவில்லையோ, கண் சிவந்து கிடக்கிறது. இன்றைக்குக் கரண்ட் வந்துவிடும் என்றார்.

அதைக் கேட்டதும் ஒரு காரியம் செய்தேன். வீட்டில் இருக்கிற ஒரே போன் சார்ஜரை எடுத்து ராகி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன். ஏன் செய்தேன் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. "வந்துருச்சு!" என்று ஊரே கத்தியது. கத்தி முடிப்பதற்குள் டிரான்ஸ்பார்மரில் டப் என்று ஒரு சத்தம். இருட்டு.

மாதப்பன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லா மோட்டாரும் ஆட்டோல கெடக்குது. கரண்டு வந்ததும் ஊர்ல இருக்கற அத்தன மோட்டாரும் ஒண்ணா எந்திரிச்சா பீஸ் கம்பி எப்படிங்க தாங்கும்? கெணறு வழியுது, காடு ஏரியாக் கெடக்குது, எதுக்குங்க மோட்டாரு?"

எல்லாரும் ஆஃப் செய்துவிடுவதாகச் சொன்னார்கள். எல்லாரும் தலையாட்டிய வேகத்திலேயே யாரும் செய்ய மாட்டார்கள் என்று தெரிந்தது.

டிசம்பர் 7, சனி

காலையில் கரண்ட். டப். மதியம் கரண்ட். டப்.

மாதப்பன் அண்ணன் கடைசியாகச் சொல்லிவிட்டார்: "ஊர்ல யாராச்சும் ஒருத்தர் சுத்திப் பாத்து, எல்லாம் ஆஃபுன்னு பொறுப்பா சொல்லுங்க. அப்புறந்தான் நான் ஏறுவேன்." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முட்டை உன்னுதுதானே என்கிற பார்வை.

போனேன். சேற்றில், மடியில் முட்டையோடு. ஓட முடியாது, வழுக்கக் கூடாது, குனியக் கூடாது. முக்கியமாகக் கோபப்படக் கூடாது, வயிறு குலுங்கும். வெங்கடாசலம் அண்ணனோடு கோபப்படாமல் பேசுவது என்றால் என்னவென்று ஊருக்கே தெரியும்.

"ஏம்மா, நான் ஆஃப் பண்ணிட்டு, மத்தவன் ஆட்டோல வெச்சிருந்தா? அவன் காட்டுக்குத் தண்ணி பாஞ்சுடும், நான் ஏமாந்தவனா நிக்கணுமா?"

"அண்ணா, உங்க காட்டுல இடுப்பளவு தண்ணி நிக்குது."

"அது மழத் தண்ணிம்மா. மோட்டார் தண்ணி வேற."

சத்தியமாக இதைத்தான் சொன்னார். நான் முட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து விட்டேன். பிறகு அவர் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, "அக்கா, உங்க கூடையில இருக்கற முட்டையெல்லாம் ஒடைய நாளு நெருங்கிருச்சு. குஞ்சு வந்தா பல்பு சூடு வேணும், இல்லன்னா இந்தக் குளிர்ல வெறச்சுப் போயிடும். உங்க பாதியும் சேத்துத்தான் போகும்" என்றேன். அந்த அக்கா சேலையைத் தூக்கிச் செருகினார். குச்சியை எடுத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, மோட்டார் ரூமுக்குப் போய்விட்டார். பின்னாலேயே அண்ணனும் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார்.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் ஆண்களிடம் பேசவே இல்லை. வாரத்துக்கு முட்டை வாங்கிய பெண்களிடமே பேசினேன். பொழுது சாய்வதற்குள் ஊர் மோட்டார் எல்லாம் ஆஃப்.

டிசம்பர் 8, ஞாயிறு

ஊரே டிரான்ஸ்பார்மருக்குக் கீழே. மாதப்பன் அண்ணன் என்னைக் கேட்டார்: "பொறுப்பாச் சொல்றீங்களா?" நான் முட்டைமேல் கை வைத்து, "சொல்றேன்" என்றேன். கரண்ட் விட்டார்.

டப்.

என்னை ஊர் பார்த்த பார்வையை எழுத முடியாது. வெங்கடாசலம் அண்ணனுக்கு மட்டும் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மாதப்பன் அண்ணன் இறங்கிக் கிணறு கிணறாகப் போனார். ஊர் பின்னால் போனது. கடைசியில் ஒரு மோட்டார் கொட்டகையில் கருகின நாற்றம். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, கரண்ட் வரும்போதெல்லாம் ஷார்ட் ஆகி பீஸைத் தூக்கியிருக்கிறது. ஆட்டோ ஆனில் இருந்தது.

எங்க மோட்டாரு. எங்க வூட்டு மோட்டாருங்க! ஊரெல்லாம் சுத்துனவ எங்க வூட்டத் தவிர எல்லா வூட்டையும் பாத்திருக்கேன்!

"நான் அன்னிக்கே ஆஃப் பண்ணிட்டேன்" என்றேன் நான். "நானும் அன்னிக்கே ஆஃப் பண்ணிட்டேன்" என்றார் அவர். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எழுத்து அழிந்த சுவிட்ச். நான் மறந்திருப்பேன் என்று அவர் இருட்டில் போய் அதைத் தட்டியிருக்கிறார். நான் ஆஃப் செய்ததை அவர் ஆன் செய்துவிட்டு நனைந்து வந்திருக்கிறார்.

தீர்த்தம்மா பெரியம்மாதான் முதலில் சிரித்தார். "புருசனும் பொண்டாட்டியும் சேந்து குடும்பம் நடத்துனா இப்படித்தான், ஊரே இருட்டாயிடும்." பிறகு ஊரே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. மடியில் முட்டை இருந்ததால் அதையும் குலுங்காமல் அழுதேன்.

டிசம்பர் 9, திங்கள்

கரண்ட். நிற்கிறது. தொட்டு வணங்கினேன், சுவரை.

வெள்ளச் சேதம் கணக்கெடுக்க பிரியதர்ஷினி என்று ஒரு பெண் வந்தாள். செத்த கோழி எத்தனை என்று கேட்டாள். தட்டில் ஆறிப்போன முட்டைகளைக் காட்டினேன். முட்டைக்குக் கணக்கில்லை என்றாள். "இது முட்டை இல்லம்மா, உள்ள குஞ்சு இருக்குது" என்றார் அவர். "உயிரோட இருக்குதுங்களா?" "அது தெரியல." "செத்துடுச்சுங்களா?" "அதுவும் தெரியல." அந்தப் பெண் பேனாவைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். கடைசியில் மூவரும் டீ குடித்தோம்.

டிசம்பர் 10, செவ்வாய்

தமிழ்ச்செல்வன் பைக்கில் நேராகவே வந்துவிட்டார்.

"என்னய்யா, ஒரு வாரமா போனு போகல?"

"கரண்டு இல்லீங்க" என்றார் இவர், சுற்றுகிற ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு.

முதலாளி ஃபேனைப் பார்த்தார். இவரும் பார்த்தார். "சார்ஜரும் காணோமுங்க" என்றார். நான் டீயை அவசரமாக முதலாளி பக்கம் நகர்த்தினேன்.

"நாளைக்குக் காலைல நாசிக் லோடு. வர்றியா, இல்ல வேற ஆளப் போட்டுறட்டுமா?"

"நாளைக்குக் குஞ்சு பொரியுற நாளுங்க."

"என்னய்யா, வூட்ல பிரசவம்ங்கற மாதிரி சொல்ற?"

"ஆமாங்க" என்றார்.

ஆமாங்க. அவ்வளவுதான் சொன்னார். பாதி டீயோடு முதலாளி எழுந்து போய்விட்டார். ஆனால் நாளைக்குப் பொரியாவிட்டால்? இவரே ஓடிப் போய்க் கூப்பிடுவாரே.

டிசம்பர் 11, புதன்

காலையிலேயே சசிகலா தெருவில் ஓடி வந்தாள். "அக்கா, கூட கத்துது!" பிறகு தீர்த்தம்மா பெரியம்மா வீடு. பிறகு மேலத்தெரு. அவர் வீடு வீடாக ஓடினார், செருப்பு ஒன்று சேற்றில் போனது தெரியாமல். வெங்கடாசலம் அண்ணன் கார் ஷெட்டில் பல்பு கட்டி, அதற்குக் கீழே குந்திக்கொண்டு, "எம் பாதி எது, உம் பாதி எது?" என்று குஞ்சுகளைப் பார்த்து முழிக்கிறார். எல்லாம் ஒரே மஞ்சள்.

மிஷினில் இருந்தவற்றில் ஒன்றுகூடப் பொரியவில்லை. ஏரிக்கரையில் குழி வெட்டிப் புதைத்தார். திரும்பி வந்து, எலுமிச்சம்பழத்தைக் கழற்றிவிட்டு, "மிசினுக்குப் பதிலா ஊரையே அடை வெச்சுடலாம் போல இருக்கு. எல்லாருக்கும் வாரத்துக்குக் குடுப்போம்" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவா? முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

என் மடியில் இருப்பது இன்னும் கல் மாதிரி இருக்கிறது. பரவாயில்லை. பழகிய ஏமாற்றந்தான்.

டிசம்பர் 12, வியாழன்

உள்ளிருந்து கொத்துகிறது. என் மடியில். இதற்குமேல் எழுத வராது.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். இத்தனை நாள் விளக்கேற்றி வெறுத்துப்போன ஊர், கரண்ட் இருக்கும்போதே மறுபடி விளக்கேற்றியது.

காலையில் மனசு கேட்கவில்லை. சார்ஜரை டிரம்மிலிருந்து எடுத்து, ராகியைத் தட்டிவிட்டு, அவர் பக்கத்தில் வைத்தேன். எங்கே இருந்தது என்று அவர் கேட்கவில்லை. சொருகினார். போன் உயிர் வந்து, சிம் இல்லை என்றது. "மழையில எங்கியாச்சும் போயிருக்கும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். சிம் தனியாகக் கழன்று மழைக்குப் போகுமா?

குஞ்சுக் கூண்டுக்கு நட்டு முடுக்க ஸ்பானர் தேவைப்பட்டது. பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். ஸ்பானர், காய்ந்த மிளகாய், கரித்துண்டு. கரிக்கு அடியில், காகிதத்தில் மடித்து, சிம்.

டப்பாவை மிஷின்மேல் வைத்தது மூன்றாம் தேதி. நான் சார்ஜரை ஒளித்தது ஆறாம் தேதி.

மறுபடி மடித்து, கரிக்கு அடியிலேயே வைத்து மூடிவிட்டேன். நட்டைக் கையாலேயே முடுக்கினேன். நேற்று வந்த குஞ்சு என் கொலுசைக் கொத்திக்கொண்டே கூட வந்தது.

மதியச் சாம்பாரில் உப்பே இல்லை. அவர் போட்டிருப்பார் என்று நான் விட்டுவிட்டேன், நான் போட்டிருப்பேன் என்று அவர் விட்டுவிட்டார். ஆளுக்கொரு சிட்டிகை தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.